கணுக்காலில் கட்டிய கயிறு

என் வீட்டுக்காரருக்குக் காலில் புண் வந்தது அவருக்கே தெரியாது. எங்கள் நிலம் கம்பெனிக்குப் போன பிறகு அவர் வல்லம் வடகால் பக்கம் ஒரு கேட்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாள் முழுக்க ஷூ போட்டுக்கொண்டு நிற்கிற வேலை. சர்க்கரை வியாதி முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோகும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஷூவுக்குள் சின்னதாய் ஒரு ஆணி மேலே தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அது அவர் பாதத்தைக் குத்திக்கொண்டே இருந்தது. அவர் பாட்டுக்கு கேட்டைத் திறந்து லாரிகளை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் துவைக்க எடுத்த சாக்ஸில் நாற்றம் வந்தது. அப்புறம்தான் காலைத் திருப்பிப் பார்த்தோம்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மூடி மறைக்காமல் சொன்னார். புண்ணை ஒழுங்காகக் கழுவி, ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டு மாற்றினால் கால் நிற்கும், இல்லையென்றால் கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வரும் என்றார். ஒன்றுவிட்டு ஒருநாள் ஆட்டோ வைத்து அவரை ஏற்றி இறக்க எங்களால் ஆகாது. பையன் கம்பெனியில் லைனில் நிற்கிறவன். ஷிப்ட் முடிந்தாலும் ஓவர்டைம் என்று பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

ஒரகடம் போகிற ரோட்டில் கன்னியாஸ்திரிகள் மடம் ஒன்று உண்டு. அங்கே டிஸ்பென்சரி வைத்திருக்கிறார்கள், வீட்டுக்கும் வந்து பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டு நான் தனியாகப் போனேன். எனக்கு வெளி ஆட்களிடம் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து, எனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டேன். கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். சிஸ்டர் கூப்பிட்டார்.

"வாங்கம்மா. என்ன செய்யுது ஒங்களுக்கு?"

அவருக்குத் தெற்கத்திப் பேச்சு. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது அத்தனையும் எனக்கு மறந்துபோனது. வாய் வரவில்லை. குனிந்து என் காலைக் காட்டினேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல் இடுக்கெல்லாம் பிரித்துப் பார்த்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவினார். என்னைப் பெற்றவள்கூட அப்படிச் செய்திருப்பாளா தெரியாது. நான் கட்டையாக உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணும் காணலியே. எந்த எடத்துல வலிக்கி?"

"எனக்கு இல்லீங்க. எங்க வூட்டுக்காரருக்கு."

அவர் என் காலை மடியில் வைத்துக்கொண்டே சிரித்தார். "அவருக்கு வந்த புண்ணுக்கு நான் ஒங்க காலக் கழுவிட்டு இருக்கேன்! சரி, இதும் சுத்தமா இருக்கட்டும். வீடு எங்கன இருக்குன்னு சொல்லுங்க."

மறுநாள் மடத்து வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது.

வண்டி வந்து நின்றதில் பையனுக்குச் சந்தோஷம் இல்லை. "இன்னாமா, தெருவே பாக்குது. நம்மள அனாத ஆசிரமத்துல சேத்தாப்ல கீது" என்றான். அவன் சொன்னதும் சரிதான். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். சொம்பைத் தூக்கிக்கொண்டு எல்லாரும்தான் போகிறோம். மாடி வீட்டுக்காரரும் நிற்பார், நானும் நிற்பேன். அங்கே நிற்பவரை ஏழை என்று யாரும் சொல்வதில்லை. மடத்து வண்டி நின்றால் மட்டும் அது ஏழை வீடு ஆகிவிடுகிறது. இரண்டும் சாமி பேரைச் சொல்லிச் செய்கிற உதவிதான். ஆனாலும் வாங்கிக்கொள்கிறவருக்கு இரண்டும் ஒன்றாக இல்லை. கால் என்று வந்த பிறகு அதையெல்லாம் பார்க்க முடியாது என்று நான் பேசாமல் இருந்தேன்.

சிஸ்டர் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நான் சொம்பை நீட்டினால் கையைக் கூப்பி வேண்டாம் என்பார். பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டாள். "தண்ணிகூடக் குடிக்க மாட்டாளாமே? நம்ம வூட்டுத் தண்ணி ஆவாதா அவங்களுக்கு? இவங்க எல்லாரையும் ஒண்ணா பாக்கறவங்களாம்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். எங்கள் பக்கத்தில் வீட்டில் வந்து தண்ணீர் வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது சிஸ்டர் காதிலும் விழுந்துவிட்டது. கை கழுவிக்கொண்டே என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"வீடு வீடா குடிச்சா அப்புறம் எங்கனம்மா போறது? டிரைவர் ஆம்பளைலா. ரோட்டுல நிறுத்துங்கன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கொல்லைப்பக்கம் கவர்மென்ட் கட்டிக்கொடுத்த கக்கூஸைக் காட்டினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார்.

என் வீட்டுக்காரர் முதலில் முறைத்துக்கொண்டுதான் காலை நீட்டினார். சிஸ்டர் பழைய கட்டைப் பிரிக்கும் முன் கண்ணை மூடி, உதடு மட்டும் அசையும்.

"இன்னா முணுமுணுக்கற? என்ன மாத்தப் பாக்கறியா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஒங்கள மாத்த என்னால ஆவுமா ஐயா? என் கை நடுங்கப்படாதுன்னு வேண்டிக்கிடுதேன்."

"அப்டின்னா சரி. எங்க கோயில் அம்மாவையும் சேத்துக் கூப்ட்டுக்கோ. ரெண்டு பேரா புடிச்சிக்குவாங்க."

இன்னொரு நாள் டிரைவர் போனைத் தூக்கிப் படம் எடுக்க வந்தார். பண உதவி செய்கிறவர்களுக்கு அனுப்ப வேண்டுமாம். எனக்கு உடம்பே கூசி உள்ளே ஓடிவிட்டேன். வீட்டுக்காரரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிஸ்டர் டிரைவரிடம், "மூஞ்சி வேண்டாம். கால் மட்டும் போதும்" என்றார். அப்புறம் எங்களைப் பார்த்து, "இதும் எடுக்காட்டா வண்டிக்கு டீசல் வராது. எனக்கும் இது பிடிக்கிறதில்ல. பொறுத்துக்கிடுங்க" என்றார். அவர் பொறுத்துக்கொள்ளச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டுக்காரர் கால் எந்த ஊரிலோ யார் கண்ணிலோ பட்டிருக்கும். முகம் எங்களோடு இருக்கிறது.

புண் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்க ஆரம்பித்தது. சிவந்தால் நல்லது என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். அப்படி இருக்கும்போதுதான் ஆடி பிறந்தது.

வருஷா வருஷம் கூழ் அண்டாவைக் கிண்டுகிறது என் வீட்டுக்காரர்தான். கிண்டுகிற கட்டையை வேறு யாரும் தொட விடமாட்டார். அந்த வருஷம் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ரேடியோ செட்டு கட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். காப்பு கட்டுகிற அன்று பூசாரியை வீட்டுக்கே வரச் சொல்லி அனுப்பினார். பூசாரி அவரோடு ஒன்றாகக் கோலி விளையாடினவர். மற்ற நாளில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார், கோயிலுக்கு வெள்ளியும் ஞாயிறும். இரண்டு பேரும் உள்ளே ஏதோ வாக்குவாதம் செய்வது அடுப்படிக்குக் கேட்டது. பூசாரி போன பிறகு பார்த்தேன். மஞ்சள் கயிறு, புண் இருந்த காலின் கணுக்காலில் கட்டியிருந்தது.

அந்தக் கால் அடிக்கடி வீங்கும். அடுத்தமுறை சிஸ்டர் வந்தபோது நான் வெந்நீர் போட உள்ளே போயிருந்தேன். திடீரென்று என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். ஓடிவந்தேன். சிஸ்டர் ஒரு கையில் கத்தரிக்கோலும் இன்னொரு கையில் அறுந்த கயிறுமாக நின்றார்.

"இன்னா பண்ணிட்ட நீ?"

"ஐயா, கால் வீங்கி கயிறு சதைக்குள்ள பதிஞ்சி கிடந்துச்சி. ரத்தம் ஓடாம நின்னுரும்."

"அது இன்னா கயிறுன்னு தெர்மா? அம்மா காப்பு! ஒரு வார்த்த கேக்க வாயில்ல உனக்கு? உன் கயுத்துல தொங்குதே சிலுவ, அத நான் நூலுன்னு நெனச்சி அறுத்தா நீ சும்மா இருப்பியா?"

சிஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. கயிற்றைக் கீழே போடாமல், அம்மன் படத்தடியில் கொண்டுபோய் வைத்தார். அதைப் பார்த்தும் இவர் அடங்கவில்லை.

"போ. இனிமே இந்த வாசப்படி ஏறாத."

சிஸ்டர் கட்டுப் போடாமல் போக மாட்டேன் என்று நின்றார். இவர் காலை இழுத்துக்கொண்டார். கடைசியில் பஞ்சையும் துணியையும் மருந்தையும் என் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று சொன்னார்.

"என்ன விட்டுருங்கம்மா. கால விட்டுராதீங்க."

விஷயம் அன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. இவரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒருநாள் விட்டு மறுநாள் வண்டி தெருமுனைக்கு வந்தபோது பையன்கள் நாலு பேர் குறுக்கே நின்றார்கள். "அம்மா கயித்தையே அறுக்கறீங்க. நாளைக்கி கோயிலயே இடிப்பீங்க" என்று ஒருவன் சொன்னது எனக்கு ஜன்னலில் கேட்டது. டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தப் பையன்களை என்னால் திட்டவும் முடியவில்லை. இவருக்கு முதலில் காய்ச்சல் வந்தபோது ஆட்டோ வரை தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள்தான்.

பையனும் நானும் கட்டு மாற்றினோம். சிஸ்டர் செய்கிறபோது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பார்ப்பது வேறு. அவர் அழுத்தித் துடைக்கிற இடத்தில் எனக்குக் கை பின்வாங்கியது. நாற்றம் திரும்ப வந்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் நிறம் மாறின. உடம்பு அனலாகக் கொதித்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் நைனா" என்று பையன் கெஞ்சினான்.

"போனா வெட்டுவான். அம்மா கோச்சிக்கினு கீறா. அவ மனசு எறங்கினா தானா ஆறும்" என்றார்.

கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. விரல் இரண்டும் கறுத்துவிட்டன. நான் சொம்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கூழ் வாங்கப் போகவில்லை. சொம்பு இல்லாமல் போனால் எல்லாரும் என்ன என்று கேட்பார்கள், அதற்காக எடுத்துக்கொண்டேன்.

பூசாரி அண்டா பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து நின்றார். வெங்காயம் உரிக்கிற பெண்கள், கருவாட்டுக் குழம்பு வாசனை, காது கிழிகிற பாட்டு. நான் ஓரமாக நின்றேன்.

"இன்னா அண்ணி, அங்க நிக்கற? லைன்ல வா. உனக்கு இல்லாததா?"

நான் அசையவில்லை. அவர் கரண்டியோடு கிட்டே வந்தார்.

"அவருக்கு காலு கறுத்துப் போச்சிங்க" என்றேன். "அந்த சிஸ்டர வரவே கூடாதுன்னுட்டாரு. அம்மா கோவம்னு சொல்லிக்கினு படுத்துக்கினு கீறாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு."

பூசாரி சுற்றும்முற்றும் பார்த்தார். என்னை வேப்பமரத்துக்குப் பின்னால் வரச் சொன்னார்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அம்மா காப்ப கால்ல கட்டவே கூடாது. கையிலதான் கட்டணும். நான் தலையால அடிச்சிக்கினேன். 'நோவு கால்ல கீது, கையில கட்டி இன்னாடா பண்றது'ன்னு இவன்தான் மல்லுக்கு நின்னான். சின்ன வயசுலேர்ந்து அவன் சொன்னா நான் மாட்டேன்னு சொன்னதே இல்ல. கட்டிட்டேன். ஒரே பேஜாரா இருந்திச்சி. அந்தம்மா அறுத்துடுச்சின்னு கேட்டப்ப, மெய்யாலும் சொல்றேன், வயித்துல பால வார்த்தாப்ல இருந்திச்சி."

"அப்ப அந்தப் பசங்க கத்துனப்ப..."

"நான் வாயத் தொறந்தா, 'பூசாரியே கால்ல கட்னியா'ன்னு என்ன மொய்ச்சிருப்பானுங்களே!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வேற்று ஆம்பளையை நிமிர்ந்து பார்த்து நான் பேசினதே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"நீங்க வாயத் தொறக்கலன்னா அவருக்கு காலு போயிடுங்க" என்றேன்.

அவர் கரண்டியை யார் கையிலோ கொடுத்துவிட்டு, நேராக செட்டுக்காரனிடம் போய்ப் பாட்டை நிறுத்தச் சொன்னார். மைக்கைப் பிடித்தார். அவர் பேசினது ஊர் முழுக்கக் கேட்டது.

"எல்லாருக்கும் சொல்றது இன்னான்னா, மடத்து சிஸ்டரு அறுத்த கயிறு தப்பா கட்டுன கயிறு. கால்ல கட்டக் கூடாது. கட்னவன் நான்தான். அம்மாளாண்ட நான் மாப்பு கேட்டுக்குறேன். வேற யாருக்குனா கேக்கணும்னா என்னாண்ட வந்து கேளுங்க. அந்த வண்டி வந்தா ஒயுங்கா வழி வுடுங்கடா. இப்ப கூழு வாங்கறவங்க தள்ளாம வாங்க."

கூழ் வரிசையில் ஒரு கிழவி, "கால்ல கட்னியா? அட கேன்டீன் பூசாரி!" என்றாள். கூட்டமே சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பில் கோபமெல்லாம் கரைந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் பையன் மடத்துக்குப் போன் போட்டான். வண்டி வந்தது. பந்தல் அடைத்துக்கொண்டு இருந்ததால் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. சிஸ்டர் பையை மாட்டிக்கொண்டு கூழ்க் கூட்டத்துக்குள்ளே நடந்து வந்தார். அன்று குறுக்கே நின்ற பையன்களில் ஒருவன், "தள்ளு தள்ளு, சிஸ்டருக்கு வழி" என்று முன்னால் கத்திக்கொண்டே வந்தான்.

பூசாரி அவருக்கு முன்னாலேயே புதுக் கயிற்றோடு எங்கள் வீட்டில் நின்றார். "எந்தக் கையில கட்லாம் சிஸ்டர்?" என்று கேட்டார்.

"எடது கையில கட்டுங்க. வலதுல ஊசி போட வேண்டி வரும்" என்றார் சிஸ்டர். அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஐயா, கேக்காம அறுத்தது என் தப்புத்தான். இனி கேட்டுட்டுத்தான் கத்தரியத் தொடுவேன்."

என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கண்ணைத் திறந்து பார்த்தார். "கேட்டிருந்தா நான் வாணாம்னுதான் சொல்லிருப்பேன்" என்றார்.

பூசாரிதான் முதலில் சிரித்தார்.

கட்டைப் பிரித்துப் பார்த்த சிஸ்டர், "இது இப்ப என் கையில இல்ல. ஒடனே கெளம்பணும்" என்றார். மடத்து வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. சிஸ்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, கையைக் காட்டிக் காட்டி வழி விடச் சொன்னார். இவர் சிஸ்டர் தோளில்தான் சாய்ந்துகொண்டு வந்தார். இரண்டு விரலை எடுத்தார்கள். கால் நின்றது.

அதற்கு அப்புறம் புண் மூட ரொம்ப நாள் ஆனது. அத்தனை நாளும் சிஸ்டர் வந்தார். ஒருநாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இவரும் எடுக்கவில்லை. தனக்கு நோவு குறைந்தது அம்மன் செயல் என்று இவர் சொல்லும்போது சிஸ்டர் ஆமாம் என்று தலையாட்டுவார். அதை நான் மறக்க மாட்டேன். உதவி செய்கிறவர் தன் சாமிக்குப் பேர் வாங்கிக் கொடுக்க நினைக்காமல் இருப்பது லேசு இல்லை.

அவர்களுக்கும் கஷ்டங்கள் உண்டு. முன்பு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் இப்போது வருவதில்லையாம். கம்பெனிக்காரர்கள் கொடுக்கிறார்கள், ஆனால் பேனர் கட்டி அதற்கு முன்னால் நோயாளியை நிறுத்திப் படம் கேட்கிறார்கள் என்று சிஸ்டர் ஒருநாள் அலுத்துக்கொண்டார். சில ஊரில் உள்ளே விட மாட்டார்கள், சில ஊரில் விட்டால் வேலைக்கு, ரேஷன் கார்டுக்கு, எல்லாவற்றுக்கும் அவர்களையே பிடித்துக்கொள்வார்கள். இருக்கிற சிஸ்டர்களும் குறைந்துகொண்டே வருகிறார்களாம். புதுசாகச் சேர ஆள் இல்லை.

"இனி இந்தப் பக்கம் அடிக்கடி வண்டி வராதும்மா. எனக்கும் மாற்றல் சொல்லிட்டாங்க" என்று ஒருநாள் சொன்னார். "நீங்கதான் பாக்கணும். தெனமும் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பாதத்தைத் திருப்பிப் பாருங்க. விரல் இடுக்கு, குதிகால், எல்லாம். அவருக்குத் தெரியாது, ஒங்க கண்ணுக்குத்தான் தெரியும்." என் கையைப் பிடித்து, எங்கே எப்படி அழுத்திப் பார்ப்பது என்று இவர் காலிலேயே காட்டிக்கொடுத்தார். அன்றைக்கு என் கை பின்வாங்கவில்லை.

அவர் போகிற அன்று ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. தெருவில் எல்லாரும் பார்க்க, அவர் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டு வண்டி வரை நடந்தேன். வண்டி ஏறும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். எந்த ஊரில் இருக்கிறாரோ, நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது இவர் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு கடைத்தெரு வரை போய் வருகிறார். அண்டாவையும் கிண்டுகிறார், ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. சாயங்காலம் நான் காலைப் பிடித்தால், "இன்னாமே தெனமும் இது? ஓடியா போச்சி?" என்பார். ஆனால் நீட்டிவிடுவார்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இவருக்கும் சுகரு. கால்ல இன்னாமோ கீதுன்னு சொன்னா காட்ட மாட்டேன்றாரு. நீ ஒரு தபா பாரு" என்றாள். அந்த மனுஷன் வெட்கத்தில் நெளிந்தார். எனக்கும்தான். வேறு ஆம்பளை காலை நான் எப்படித் தொடுவது? இவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "தொடுமே. கடிக்க மாட்டான்" என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். குதிகாலில் வெடிப்பு. பெருவிரலுக்குக் கீழே தடித்துப்போன இடத்தில் அழுத்தினேன். லேசாக ஈரம் கசிந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை.

"நாளைக்குக் காலையிலேயே மடத்து டிஸ்பென்சரிக்குக் கூப்பிட்டுக்கினு போ" என்றேன்.

"எனக்கு அங்க யாரையும் தெரியாதே அக்கா. நீ கூட வர்றியா?"

வருகிறேன் என்றேன்.